தங்க தூஜா காய்ந்தது ஏன்?

பெங்களூரு அல்சூர் வீட்டு பால்கனியில் வைத்த குட்டைத் தங்க தூஜா (பொன்மஞ்சள் இலையுள்ள அழகுச்செடி) இரண்டே வாரத்தில் நுனியிலிருந்து பழுப்பேறியது. தண்ணீர் அதிகமோ என்று குறைத்தேன், இன்னும் காய்ந்தது. வேப்பெண்ணெய் தெளித்தேன். வெயிலுக்கு நகர்த்தினேன், பொன்னிறம் தெளிந்தது (நிழலில் இது பச்சையாகிவிடும்), காய்வது நிற்கவில்லை.

கடைசியில் ஒரு நாள் தென்னை ஈர்க்கை மண்ணில் குத்திப் பார்த்தேன். தொட்டி ஓரத்தில் ஈரமாக வந்தது. தண்டை ஒட்டிக் குத்தினால் இறங்கவே இல்லை! உள்ளே நர்சரிக் களிமண் உருண்டை, செங்கல் மாதிரி. ஊற்றிய தண்ணீரெல்லாம் அதைச் சுற்றி வழிந்து அடித்துளை வழியே போயிருக்கிறது.

உருண்டையை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஓர மண்ணை மட்டும் விரலால் உதிர்த்து, செம்மண், மணல், மட்கிய சாணம் கலந்து நட்டேன். வேரை உலுக்கவே கூடாது. மூன்று வாரத்தில் எலுமிச்சை மஞ்சளில் துளிர். அப்பாடா! பழுப்பேறிய நுனி திரும்பாது, வெட்டிவிட்டேன்.