பதின்மூன்று மணி அடித்தது கேட்டதா? இருண்ட நாவல்களை ஆடியோவில் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

சர்வாதிகார ஆட்சியைப் பற்றிய ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை நான் முதலில் கேட்டது தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில். இயர்போனைச் சொருகி, பிளே பட்டனை அழுத்தி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பையை மடியில் வைத்து நிமிர்வதற்குள் கதாநாயகன் வின்ஸ்டன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். நாவலின் முதல் வாக்கியம் போயே போய்விட்டது. ஏப்ரல் மாதத்துக் குளிர் நாள், கடிகாரங்கள் பதின்மூன்று மணி அடிக்கின்றன என்று சொல்லும் வாக்கியம் அது. இந்த உலகத்தில் ஏதோ கோணல் என்பதை ஆர்வெல் ஒரே எண்ணில் சொல்லிவிடுகிற இடம். நண்பர் வீட்டில் அச்சுப் பிரதியைப் புரட்டியபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அதற்குள் பாதி நாவலைக் கேட்டு முடித்திருந்தேன்.

சாதாரணக் கதையில் இரண்டு வரி காதில் விழாவிட்டால் குடிமுழுகிப் போகாது. டிஸ்டோபியாவும் (மனிதரை ஒடுக்கும் கற்பனைச் சமூகத்தைப் பற்றிய கதை) சைக்கலாஜிக்கல் த்ரில்லரும் (மனதோடு விளையாடும் மர்மக் கதை) அப்படியில்லை. டிஸ்டோபியாவில் உலகமே புதிது. அதன் சட்டதிட்டங்களை யாரும் உட்காரவைத்து விளக்க மாட்டார்கள், போகிற போக்கில் உதிர்த்துவிட்டுப் போவார்கள். சைக்கலாஜிக்கல் த்ரில்லரில் கதை சொல்லுகிற ஆளே எதையாவது மறைத்துக்கொண்டிருப்பார், அல்லது அவருக்கே சரியாக நினைவிருக்காது. இரண்டிலும் முக்கியமான சங்கதி கண் தானாகப் பார்த்துவிடுகிற, ஆனால் காது நழுவவிடுகிற இடங்களில் இருக்கும். அத்தியாயத் தலைப்பு, தேதி, அடிக்குறிப்பு, பின்னிணைப்பு. நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன.

தேதியைக் கோட்டைவிடுவது

பாலா ஹாக்கின்ஸ் எழுதி 2015-இல் வெளிவந்த 'தி கேர்ள் ஆன் த ட்ரெய்ன்' நாவலை மூன்று பெண்கள் மாறி மாறிச் சொல்கிறார்கள். ஆடியோவிலும் கிளேர் கார்பெட், லூயிஸ் ப்ரீலி, இந்தியா ஃபிஷர் என்று மூன்று பேர் வாசித்திருக்கிறார்கள். ரேச்சலின் பகுதி 2013 ஜூலை 5-ஆம் தேதி தொடங்குகிறது. அடுத்து வரும் மேகனின் பகுதிக்குத் தேதி 2012 மே 16. ஓராண்டுக்கு மேல் பின்னால் போய்விட்டோம். புத்தகத்தில் அந்தத் தேதி தனி வரியாக நிற்கும், சந்தேகம் வந்தால் கண் ஒரு நொடியில் மேலே ஓடிப் பார்த்துவிடும். ஆடியோவில் அதற்குக் கிடைப்பது மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் டிக்கெட் பரிசோதகரிடம் சீசன் டிக்கெட்டை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தால் தீர்ந்தது. ரேச்சல் ரயிலிலிருந்து தினமும் பார்க்கிற வீடும், மேகன் தன் வாழ்க்கையைச் சொல்வதும் ஒரே வாரத்தில் நடப்பதாக நினைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் ஓட்டிவிடுவோம். நடுவில் குழப்பம் வரும். எழுத்தாளர் மேல் கோபம் வரும்.

கில்லியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்' நாவலிலும் இதே கதைதான். மனைவி காணாமல் போன நாளிலிருந்து நாள்களை எண்ணிக்கொண்டு போகின்றன கணவனின் அத்தியாயங்கள். மனைவியுடையதோ 2005 ஜனவரியில் தொடங்கும் நாட்குறிப்பு. ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறி வருவதால் ஆள் யார் என்பதில் குழப்பமில்லை. எந்தக் காலம் என்பதில்தான் ஏமாறுவோம். அது ஒரு நாட்குறிப்பு என்பதைக் கூட மறந்துவிட்டு, அவள் நம்மிடம் நேரில் பேசுவது போலக் கேட்க ஆரம்பித்துவிடுவோம். குரலின் சாமர்த்தியம் அப்படி.

இதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் வேண்டாம். குரல் மாறும்போதெல்லாம் பெயரையும் தேதியையும் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டால் போதும். நாலு வரியிலேயே கதையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். ஆப்பில் இருக்கும் அத்தியாயப் பட்டியலை நம்ப வேண்டாம், பல நேரம் அதில் வெறும் எண்தான் இருக்கும். இன்னொரு வழியும் உண்டு. பல கடைகளில் மின்னூலின் முதல் சில பக்கங்கள் இலவச மாதிரியாகக் கிடைக்கின்றன. ஆடியோவைத் தொடங்கும் முன் அதை ஒருமுறை புரட்டினால், இந்த நாவல் தேதி போட்டு எழுதப்பட்டதா, கடிதங்களாக வருகிறதா, சாய்வெழுத்தில் யாரோ பெயரில்லாத ஆள் பேசுகிறாரா என்பது தெரிந்துவிடும்.

கதை முடிந்ததும் நிறுத்திவிடுவது

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். '1984', 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' ஆகிய இரண்டு நாவல்களையும் படிக்காதவர்கள் அடுத்த பகுதிக்குத் தாண்டிவிடலாம், முடிவைத் தொடாமல் இதைச் சொல்ல வழியில்லை.

'1984' எப்படி முடிகிறது என்று கேட்டால் எல்லோரும் வின்ஸ்டனின் கடைசி வரியைச் சொல்வார்கள். நாவல் அங்கே முடிவதில்லை. அதற்குப் பின்னால் 'நியூஸ்பீக்' என்கிற அரசாங்க மொழியின் இலக்கணத்தைப் பற்றி ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. ஆடியோவில் கதையின் கடைசி வரி முடிந்து, சின்ன மௌனம் விழுந்து, 'பின்னிணைப்பு' என்று வாசிப்பவர் சொன்னதும் கை தானாக நிறுத்தப் போகும். மனம் கனத்துப்போயிருக்கிற நேரத்தில் இலக்கணக் கட்டுரை யாருக்கு வேண்டும்? ஆனால் அந்தக் கட்டுரை முழுக்க இறந்தகாலத்தில் இருக்கிறது. நியூஸ்பீக் இருந்தது, இப்படிப் பயன்பட்டது என்று யாரோ ஒருவர், சாவகாசமாக, சாதாரண ஆங்கிலத்தில் எழுதுகிறார். அப்படியானால் அந்த ஆட்சி ஒருநாள் விழுந்துவிட்டதா? பல வாசகர்கள் ஆமாம் என்கிறார்கள், சிலர் அது வெறும் எழுத்து நடை என்கிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவின் புத்தக மன்றம் ஒன்று இந்தப் பின்னிணைப்பையும் கதை நடுவில் வின்ஸ்டன் படிக்கும், கோல்ட்ஸ்டைன் என்பவர் பெயரிலான தடை செய்யப்பட்ட நூலின் பகுதியையும் வெட்டச் சொன்னபோது, பெரிய வருமானம் போனாலும் பரவாயில்லை என்று ஆர்வெல் மறுத்துவிட்டார். கடைசியில் வெட்டாமலேயே எடுத்துக்கொண்டார்கள். அவர் அவ்வளவு பிடிவாதமாகக் காத்த பக்கங்களை நாம் கட்டைவிரலால் நிறுத்திவிட்டுப் போகிறோம்.

மார்கரெட் அட்வுட் 1985-இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' இன்னும் சுவாரசியம். கடைசியில் 'வரலாற்றுக் குறிப்புகள்' என்று ஒரு பகுதி வருகிறது. 2195-ஆம் ஆண்டு நடக்கும் ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவர் கட்டுரை வாசிக்கிறார். நாம் இதுவரை கேட்டது எழுதப்பட்ட கதையே இல்லையாம். ஒரு டிரங்குப் பெட்டியில் கிடைத்த முப்பது சொச்சம் ஒலிநாடாக்களாம். ஒவ்வொன்றிலும் முதலில் சில பாட்டுகள், பிறகு ஒரு பெண்ணின் குரல். நாடாக்களுக்கு எண் போடப்படவில்லை, வரிசையைப் பேராசிரியர்கள் ஊகமாக அமைத்தார்கள். அதாவது இந்த நாவலே ஓர் ஆடியோ. அச்சில் படித்தவர்களைவிட, க்ளேர் டேன்ஸ் வாசித்த பதிவைக் காதில் கேட்டவர்கள்தான் அந்தப் பெண் சொன்ன கதையின் அசல் வடிவத்துக்கு நெருக்கமாக இருந்தார்கள். அதைச் சொல்லும் பகுதியையே கேட்காமல் நிறுத்திவிட்டால் என்ன சொல்வது!

கதை முடிந்தது போலத் தோன்றும்போது திரையைப் பாருங்கள். இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் மீதமிருந்தால் ஏதோ பாக்கி இருக்கிறது. அது விளம்பரமாகவும் இருக்கலாம், அடுத்த நாவலின் முதல் அத்தியாயமாகவும் இருக்கலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் எடுப்பது

'1984' முழுமையாக வாசிக்கப்பட்ட பதிவு பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஆடியோபுக் நிறுவனமான ஆடிபிள் 2024-இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், சிந்தியா எரிவோ, ஆண்ட்ரூ ஸ்காட், டாம் ஹார்டி ஆகியோரை வைத்து வெளியிட்டது ஏறத்தாழ மூன்றரை மணி நேரம்தான். அது ஒலிநாடகம், நாவல் வாசிப்பு அல்ல. நல்ல நாடகம், நானும் ரசித்தேன். ஆனால் மனதுக்குள் நினைப்பதே குற்றமாக இருக்கிற ஒரு உலகத்தைப் பற்றிய கதையில், நினைப்பதையெல்லாம் வசனமாகவும் சத்தமாகவும் மாற்றும்போது எதை இழக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு நாவலைப் 'படித்துவிட்டேன்' என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதி. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகு காப்புரிமை தீர்ந்துவிடும். ஆர்வெல் 1950-இல் காலமானார், ஆகவே 2011 தொடக்கத்திலிருந்து அவருடைய நாவல்கள் இங்கே பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவேற்றலாம். யூடியூபில் குவிந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பொதுச்சொத்து என்றால் முழுமையானது என்று அர்த்தமில்லை. சுருக்கியது, இயந்திரக் குரல், நடுவில் ஓர் அத்தியாயம் காணாமல் போனது, எல்லாம் கிடைக்கும். அச்சுப் பதிப்புகளிலும் இப்படி நடந்ததுண்டு. அந்தோணி பர்ஜஸின் 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலின் அமெரிக்கப் பதிப்பில் 1986 வரை கடைசி 21-ஆம் அத்தியாயமே கிடையாது. அந்த அத்தியாயம் இருந்தால் ஒரு முடிவு, இல்லாவிட்டால் வேறு முடிவு. அத்தியாயங்களை எண்ணிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

வேகம்

ஆடியோபுக் வாசிப்பவர்கள் பொதுவாக மணிக்கு 9,000 சொற்களை ஒட்டி வாசிப்பார்கள். சுயமுன்னேற்றப் புத்தகத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் நஷ்டமில்லை, லாபம்தான் என்றுகூடச் சொல்வேன். த்ரில்லரில் அப்படிச் செய்யக் கூடாது. "அன்றிரவு நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்ட பிறகு விழும் அந்த அரை நொடி மௌனத்தை வாசிப்பவர் யோசித்து வைத்திருக்கிறார். சில ஆப்களில் மௌனத்தை வெட்டிவிடும் வசதி ஒன்று இருக்கிறது. பாட்காஸ்ட் கேட்பதற்காக என்றோ இயக்கியிருப்போம், பிறகு மறந்திருப்போம். நாவலைத் தொடங்கும் முன் அதை அணைத்திருக்கிறோமா என்று பாருங்கள். ஆங்கில உச்சரிப்பு பழகாதவர்கள் முதல் ஒரு மணி நேரத்தைச் சற்றே மெதுவாக, 0.9-இல் வைத்துக் கேட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. '1984'-க்கு க.நா.சு.வின் தமிழாக்கம் இருக்கிறது. பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு கேட்கலாம்.

வாசிக்கும் குரலைப் பத்து நிமிட மாதிரியில் கேட்டுப் பார்க்காமல் வாங்குவதும் தவறுதான். ஆனால் வாசித்தவர்களின் பட்டியலை முன்கூட்டியே ஆராய்வது அதைவிடப் பெரிய தவறு. அச்சில் 'நான்' என்று மட்டும் வரும் மர்ம ஆள் ஆணா பெண்ணா என்பதை மறைத்து வைத்திருப்பார்கள். பட்டியலைப் பார்த்தால் பாதி முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும்.

படுக்கையில் கேட்பது

'1984'-இல் வின்ஸ்டன், தடை செய்யப்பட்ட அந்தக் கோல்ட்ஸ்டைன் நூலைத் தன் காதலி ஜூலியாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறான். விழித்திருக்கிறாயா என்று நடுவில் கேட்கிறான். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், படி என்கிறாள் அவள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் தூங்கிவிட்டிருக்கிறாள். ஆடியோபுக் கேட்பவர்களைப் பற்றி இதைவிடத் துல்லியமான காட்சி எனக்குத் தெரியாது. ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451'-இல் கதாநாயகனின் மனைவி மில்ட்ரட் ராத்திரி முழுக்கக் காதில் சிப்பி போன்ற குட்டி ரேடியோவைச் சொருகிக்கொண்டு படுத்திருப்பாள். வருடக்கணக்கில் அப்படியே இருந்து, எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் படிக்கவே பழகிவிட்டாளாம். 1953-இல் எழுதியது இது.

1935-இல் பிரிட்டனில் பார்வையற்றோருக்காக முதன்முதலில் வந்த 'பேசும் புத்தகங்களில்' ஒன்று அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. சொல்பவரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று வாசகரை விழிக்க வைத்த நாவல். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும், பிறகு எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். தூங்கிவிட்டால் கதையும் நின்றுவிடும். நம்மிடம் அந்தத் தட்டு இல்லை. ஆகவே ஆடியோவைத் தானாக நிறுத்தும் ஸ்லீப் டைமரை 25 நிமிடத்துக்கு வையுங்கள். காலையில் எங்கே விட்டோம் என்று தேடுவதைவிட, டைமர் நின்ற இடத்திலிருந்து 25 நிமிடம் பின்னால் போவது சுலபம். கனவு கெடுமா என்றால், எனக்குக் கெட்டிருக்கிறது. சித்திரவதைக் காட்சி நெருங்கினால் பகலுக்கு ஒத்திவைத்துவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. காரில் ஏறும் முன் புளூடூத்தை அணையுங்கள். செங்கல்பட்டு டோல்கேட்டைத் தாண்டும்போது என் போன் தானாகக் கார் ஸ்பீக்கரோடு இணைந்து, '1984'-இன் சித்திரவதை அறையான அறை எண் 101-இல் எலிக்கூண்டை வின்ஸ்டனின் முகத்தருகே கொண்டுபோகிற இடத்தை முழுச் சத்தத்தில் ஒலித்தது. பதறிப்போய் நிறுத்தினேன். பின்சீட்டில் இருந்த அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "ஏன்டா நிறுத்திட்ட? அந்த எலி கடிச்சுதா இல்லையா?"