பியானோ நோட்டில் இரண்டு கிளெஃபும் படிக்கக் கற்றுத்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளைகள் பலர் கீபோர்டில் இரண்டு மூன்று கிரேடு முடித்திருப்பார்கள். கிளெஃப் என்பது எந்தக் கோடு எந்த நோட்டு என்று காட்ட வரியின் தொடக்கத்தில் போடும் குறி. மேல் வரிக்கான ட்ரெபிள் கிளெஃபில் ஒரு மெட்டைக் கொடுத்தால் தடுமாறாமல் வாசிப்பார்கள். அதே பிள்ளையைப் பியானோ முன் உட்காரவைத்து, கீழ் வரியை இடது கையால் வாசிக்கச் சொன்னால் விரல் அப்படியே நின்றுவிடும். குறை பிள்ளையிடம் இல்லை. கீபோர்டின் ஆரம்பப் பாடங்களில் வலது கைக்குத்தான் நோட்டு இருக்கும்; இடது கைக்குப் பெரும்பாலும் மேலே கார்ட் (சேர்த்து அழுத்தும் நோட்டுகள்) எழுத்து மட்டும் போட்டிருப்பார்கள். கீழ் வரிக்கான பேஸ் கிளெஃபை அவர்கள் சந்திக்கவே இல்லை.

சந்திக்கும் நேரத்தில் நாம் எப்படிச் சொல்லித்தருகிறோம் என்பதுதான் முக்கியம். அங்கே நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பது என் கருத்து: இரண்டு கிளெஃபையும் இரண்டு தனிப் பாடங்களாக நினைப்பது.

முதலில் ட்ரெபிள், அப்புறம் பேஸ்

ஒரு வருடம் ட்ரெபிள் மட்டுமே படித்த கண்ணுக்கு, அடிக்கோடு என்றாலே ஈ. பேஸில் அதே அடிக்கோடு ஜி ஆகிவிடும்போது பிள்ளை குழம்புகிறது. இதற்குச் சில ஆசிரியர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: 'ட்ரெபிள் மாதிரியே படி, படித்துவிட்டு இரண்டு எழுத்து மேலே தள்ளு.' ஈ என்று படித்து, எஃப் தாண்டி, ஜி. தியரி தாளில் இது மதிப்பெண் வாங்கித் தரும். வாசிக்கும்போது கைகொடுக்காது. ஒவ்வொரு நோட்டுக்கும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் தாளம் காத்திருக்காது. அதோடு, பெயர் சரியாக வந்தாலும் எந்த ஜி என்பது தெரியாது. பேஸ் அடிக்கோட்டின் ஜி, மிடில் சி-க்கு (பியானோவின் நடுவில் இருக்கும் சி) கீழே முழுதாக ஓர் ஆக்டேவுக்கும் (ஒரு ஸ்தாயிக்கும்) மேல் தள்ளி இருக்கிறது.

முதல் வகுப்பிலேயே இரண்டு வரிகளையும் சேர்த்துக் காட்டுங்கள். போர்டில் பதினொரு கோடு போடுங்கள். நடுக்கோட்டை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னத் துண்டுக்கோடு மட்டும் விடுங்கள். அதுதான் மிடில் சி. மேலே ஐந்து கோடு ட்ரெபிள், கீழே ஐந்து கோடு பேஸ். ட்ரெபிளுக்குக் கீழே முதல் லெட்ஜர் கோட்டில் (துண்டுக்கோட்டில்) இருப்பதும், பேஸுக்கு மேலே முதல் லெட்ஜர் கோட்டில் இருப்பதும் ஒரே கட்டைதான் என்பது பதினொரு வயதுப் பிள்ளைக்கு அப்போதே புரிந்துவிடும்.

இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? அச்சடித்த நோட்டில் இரண்டு வரிகளுக்கும் நடுவே நிறைய இடம் விட்டிருப்பார்கள். வலது கை வாசிக்கும் மிடில் சி மேல் வரியை ஒட்டியும், இடது கை வாசிக்கும் மிடில் சி கீழ் வரியை ஒட்டியும் நிற்கும். பிள்ளைகள் அதை இரண்டு வெவ்வேறு நோட்டு என்றே நினைப்பார்கள். நடுவே இன்னும் பல நோட்டுகள் இருப்பதாகவும் நினைப்பார்கள். பேஸின் மேல்கோடு ஏ, ட்ரெபிளின் அடிக்கோடு ஈ. அந்த அகலமான வெற்றிடத்துக்குள் இருப்பவை பி, சி, டி என்று மூன்றே நோட்டுகள்.

அடுத்து, கிளெஃப் குறி எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். ட்ரெபிள் குறி கீழிருந்து இரண்டாம் கோட்டைச் சுற்றி வளைகிறது. அந்தக் கோடு ஜி. பேஸ் குறியின் இரண்டு புள்ளிகள் மேலிருந்து இரண்டாம் கோட்டின் இருபுறமும் நிற்கின்றன. அந்தக் கோடு எஃப். மிடில் சி-யையும் சேர்த்து எண்ணி ஐந்தாவது நோட்டாக மேலே ஏறினால் ஜி, அதே தூரம் கீழே இறங்கினால் எஃப். இன்னும் இருக்கிறது: ட்ரெபிளில் கீழிருந்து மூன்றாம் இடைவெளி சி, பேஸில் மேலிருந்து மூன்றாம் இடைவெளி சி. ட்ரெபிளுக்கு மேலே இரண்டாம் லெட்ஜர் கோடு சி, பேஸுக்குக் கீழே இரண்டாம் லெட்ஜர் கோடும் சி. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் ஒழுங்கைக் கண்டுபிடிப்பதில் தனி ஆர்வம் உண்டு. அந்த ஐந்து சி, ஒரு ஜி, ஒரு எஃப், இந்த ஏழு நோட்டும் பார்த்த நொடியில் தெரிந்தால் போதும். வழி தவறினால் பக்கத்தில் இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

மனப்பாட வாக்கியங்களையே நம்பியிருப்பது

சொற்களின் முதலெழுத்தால் நோட்டுப் பெயரை நினைவில் வைக்கும் 'எவ்ரி குட் பாய்' வகை வாக்கியங்கள் மொத்தம் நான்கு வேண்டும்: ட்ரெபிள் கோடு, ட்ரெபிள் இடைவெளி, பேஸ் கோடு, பேஸ் இடைவெளி. நான்கும் கலந்துபோவது சகஜம். கலக்காவிட்டாலும் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து எண்ணிக்கொண்டே வரவேண்டும். பிள்ளை கடைசிவரை எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். சரிபார்க்க அந்த வாக்கியங்கள் உதவும், அவ்வளவுதான்.

படிக்கும் பழக்கம் தூரத்திலிருந்து வரவேண்டும். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் பக்கத்து நோட்டு. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒன்றைத் தாண்டுகிறோம். தொடங்கும் நோட்டையும் சேர்த்து எண்ணினால், மூன்று, ஐந்து, ஏழு என்ற தூரங்கள் கோட்டில் தொடங்கினால் கோட்டிலேயே முடியும், இடைவெளியில் தொடங்கினால் இடைவெளியிலேயே முடியும். இரண்டு, நான்கு, ஆறு மாறி விழும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்த விதி எந்த கிளெஃபிலும் மாறாது என்பதுதான். முதல் நோட்டின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, மீதியை 'ஏறு, இறங்கு, ஒன்று தாண்டு' என்று பார்த்தே வாசிக்கச் சொல்லுங்கள். பேஸ் மேல் இருந்த பயம் பாதி போய்விடும்.

எழுத்தும் எண்ணும்

நோட்டின் கீழே சி, டி, ஈ என்று பென்சிலில் எழுதிக் கொடுத்தால், கண் எழுத்தைத்தான் பார்க்கும், நோட்டைப் பார்க்காது. கட்டைகளில் ஒட்டும் ஸ்டிக்கருக்கும் இதேதான். விரல் எண் இன்னும் ஏமாற்றும். பெருவிரல் சி-யில் இருக்கும்வரை ஒன்று என்றால் சி என்று பழகிவிட்ட பிள்ளை, பார்ப்பதற்குச் சரளமாக வாசிக்கும். அதே மெட்டை ஜி-யிலிருந்து எழுதிக் கொடுத்துப் பாருங்கள், படிக்கிறதா எண்ணைப் பின்பற்றுகிறதா என்று தெரிந்துவிடும். விரல் எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. கை இடம் மாறும் இடத்தில் மட்டும் போடுங்கள்.

ச என்றால் சி என்று சொல்லிவிடுவது

நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டு வகுப்புக்கும் போகும் பிள்ளைக்கு, 'சி டி ஈ என்பது ச ரி க மாதிரிதான்' என்று சொல்வது சுலபமாகத் தோன்றும். ஆனால் ச சுருதியோடு நகரும். தாளில் சி நகராது. ஐந்து கட்டையில் பாடும் பிள்ளைக்கு ச இருப்பது ஜி-யில். ச-வையும் சி-யையும் ஒட்டவைத்துவிட்டால், ஜி மேஜரில் எஃப் ஷார்ப் வரும் நாளில் எல்லாம் குழம்பும்.

அந்த அறிவை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். 'உன் சுருதி எத்தனை கட்டை? அதை இந்தத் தாளில் காட்டு' என்று கேளுங்கள். ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி. ஐந்து கட்டையில் பாடும் பெண் பிள்ளையின் மத்திய ஸ்தாயி ச, பேஸ் கிளெஃபின் மேல் இடைவெளியில் வந்து உட்காரும். தன் குரலே அந்த வரியில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பேஸ் என்பது யாரோ தடித்த குரல்காரருக்கான வரி என்ற எண்ணம் போய்விடும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும் பையன்களுக்கோ அது உண்மையிலேயே அவர்கள் வரி. பியானோவில் இடது கை வாசிப்பதைப் பாடியும் காட்டச் சொல்லுங்கள்.

தாளம் பற்றி ஒன்று மட்டும். அட்டையில் நோட்டைக் காட்டிப் பெயர் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வாசிக்கும் முன் வலது கையால் மேல் வரியையும் இடது கையால் கீழ் வரியையும் மேசையில் தட்டச் சொல்லுங்கள்.

நாமே முதலில் வாசித்துக் காட்டுவது

நல்ல காதுள்ள பிள்ளை இரண்டு முறை கேட்டால் பிடித்துவிடும். அப்புறம் தாள் வெறும் அலங்காரம். தேர்வும் இதைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டும் கிரேடு தேர்வு நடத்தும் அமைப்புகள். டிரினிட்டி தேர்வில் ஐந்தாம் கிரேடு வரை துணைத் தேர்வுகளில் இரண்டை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், சைட் ரீடிங்கை (முன்பின் பார்க்காத நோட்டைப் பார்த்து வாசிப்பதை) தொடாமலே அதுவரை வந்துவிட முடியும். ஏபிஆர்எஸ்எம் பியானோ பிராக்டிகல் கிரேடுகளில் அது எல்லா நிலையிலும் உண்டு. 150 மதிப்பெண்ணில் 21.

எந்தத் தேர்வுக்குப் போனாலும், ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளை முன்பின் கேட்டிராத நான்கு பார் (செங்குத்துக் கோடுகளால் பிரித்த தாளப் பகுதி) கொடுங்கள். அவர்கள் பயிலும் பாட்டைவிட இரண்டு கிரேடு எளிதாக இருக்கட்டும், இரண்டு கிளெஃபும் அதில் இருக்கட்டும். முதல் முறை இடது கை மட்டும், மெதுவாக, தப்பு வந்தாலும் நிறுத்தாமல். கையைக் குனிந்து பார்த்தால், நோட்டுப் புத்தகத்தைக் கைகளுக்கு மேலே ஒரு கூரைபோல் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே வலது கை.