பிள்ளைகளை முதன்முதலாக மான் பார்க்க அழைத்துச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தின் மலையோர ஊர்களில் மிளா என்னும் கடமானை வேட்டையாடிய பழைய கதைகளைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, பதினான்கு பதினைந்து வயதில் தாமும் காட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கொல்வது மட்டுமன்றி, பிடிப்பதும் கண்ணி வைப்பதும் விரட்டுவதும்கூட வேட்டைதான். ஆகவே, கைப்பேசியில் படம் பிடிப்பதற்காக மானைத் துரத்துகிற பையனை விளையாட்டுத்தானே என்று விட்டுவிடக் கூடாது.

அனுமதியின்றி நுழைவது அடுத்த தவறு. கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கங்களில் ரப்பர் தோட்டம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்பது புதிதாக வருபவருக்குத் தெரியாது. தோட்டத்து வழிதானே என்று நடந்தால் 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் போய்விட நேரும். யானை நடமாடும் காடு அது. நாகர்கோவிலில் உள்ள வன அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டு, அவர்கள் அனுமதிக்கும் இடத்துக்கு, அவர்கள் அனுப்பும் ஆளுடன் மட்டுமே செல்ல வேண்டும்.

பெரியவர்களே பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது காற்றைத்தான். மிளா கண்ணைவிட மூக்கையும் காதையும் நம்பி வாழும் விலங்கு. தெளிந்த வானமுள்ள நாட்களில், விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். வெயில் ஏறியபின் அது சரிவில் மேலேறத் தொடங்கும். எனவே காலையில் கீழிருந்து மேல்நோக்கி நடந்தால் நம் வாடை மானை எட்டாது. வாசனைத் திரவியமும் பவுடரும் பூசிக்கொண்டு, மேலிருந்து கீழே இறங்கிவரும் கூட்டத்துக்கு ஒரு வால்கூடத் தென்படாது.

"இன்றைக்கு மானைக் காட்டுகிறேன்" என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுப்பதை நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். மிளா அதிகமும் இரவிலும் அந்தியிலும் மேயும் விலங்கு என்பதால், காணாமலே திரும்ப நேரிடலாம். ஆனால் ஓடைக்கரைச் சேற்றில் கூர்முனையோடு பதிந்த இரட்டைக் குளம்புத் தடத்தையும், ஈரப்பளபளப்பு மாறாத புழுக்கையையும், கொம்பு உரசியதால் பட்டை உரிந்து நிற்கும் இளமரத்தையும் குனிந்து பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அந்த நாள் வீணாவதில்லை. அவசரப்பட்டு இழுத்துச் செல்லாமல், ஓரிடத்தில் அரைமணி நேரம் பேசாமல் உட்கார வையுங்கள்.

மிளா காலால் தரையை உதைத்து உரக்கக் குரல் எழுப்பினால், படம் எடுக்க அருகே செல்லக் கூடாது. சிறுத்தையைக் கண்டும் அது அவ்வாறு எச்சரிக்கும். உடனே அமைதியாகப் பின்வாங்க வேண்டும்.

மிளா தானாக உதிர்த்த கொம்பு வழியில் கிடந்தால், நினைவுக்காக எடுத்துவர விடக் கூடாது. அது அரசின் உடைமை. கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய வன அலுவலரிடமோ தெரிவித்தாக வேண்டும். தொடாமல் விட்டுவிட்டு, உடன் வந்த வனப் பணியாளரிடம் இடத்தைச் சொன்னால் போதும்.