குரக்கன் சாப்பிட்டால் சீனி வருத்தம் வருமா? நோயாளர் தரவில் நடக்கும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் ஏதாவதொரு சீனி வருத்தக் கிளினிக்கில் காலையில் போய் இருந்து, வருகிறவர்களிடம் இரண்டே கேள்வி கேட்பதாக வைத்துக்கொள்வோம். குரக்கன் பிட்டு சாப்பிடுகிறீர்களா? தேத்தண்ணிக்குச் சீனி போடுகிறீர்களா? பிறகு அதே கேள்விகளைத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வாங்க வந்த, வருத்தம் ஒன்றும் இல்லாத ஆட்களிடம் கேட்போம். குரக்கன் சாப்பிடுவோரும் சீனி போடாமல் குடிப்போரும் கிளினிக்கில்தான் கூடுதலாக இருப்பார்கள். இந்தத் தரவைக் கணினியில் போட்டால் குரக்கனுக்கும் நீரிழிவுக்கும் வலுவான தொடர்பு இருப்பதாக அது சொல்லும். பி பெறுமானம்கூட (உண்மையில் தொடர்பே இல்லாவிட்டால் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் எண், வழக்கமாக 0.05 க்குக் கீழே இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள்) அழகாக வரும்.

இதை யாரும் நம்பமாட்டார்கள். டொக்டர் சொன்ன பிறகுதான் அவர்கள் குரக்கனுக்கு மாறினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதே பிழை நமக்குப் பழக்கமில்லாத ஒரு மருந்திலோ விற்றமினிலோ செயற்கை இனிப்பிலோ நடக்கும்போது சிரிப்பு வருவதில்லை. வட்சப்பில் அனுப்பிவிடுகிறோம். மருத்துவ பீடத்து மாணவர்களின் ஆய்வு அறிக்கைகளிலும் இது எட்டிப்பார்ப்பதுண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கிளினிக் கொப்பியில் நோய் கண்டுபிடித்த திகதி இருக்கும், பழக்கம் தொடங்கிய திகதி இருக்காது. கேள்விக்கொத்தில் "சாப்பிடுகிறீர்களா?" என்று நிகழ்காலத்தில் கேட்டால் வருத்தம் வந்த பிறகு மாறிய வாழ்க்கைதான் பதிலாக வரும். வருத்தம் தெரியவருவதற்கு முந்தைய ஐந்து, பத்து வருடப் பழக்கத்தைக் கேட்க வேண்டும். அதற்கு நினைவை நம்ப வேண்டியிருக்கிறது, அதிலும் ஒரு கோணல் உண்டு. வருத்தம் வந்தவர் "எதனால் வந்தது" என்று இரவிரவாக யோசித்திருப்பார், அதனால் பழைய சங்கதிகள் அவருக்குக் கூடுதலாக ஞாபகம் வரும். சுகமாக இருப்பவர் யோசித்திருக்கவே மாட்டார்.

இதற்கு நல்ல வழி, சுகமாக இருக்கும் ஆட்களிடம் முதலில் பழக்கங்களைக் கேட்டு எழுதி வைத்துவிட்டு, யாருக்கு என்ன வருகிறது என்று வருடக்கணக்காகப் பின்தொடர்வது. 1948 இல் அமெரிக்காவின் பிராமிங்ஹாம் நகரில் 5,209 பேரோடு தொடங்கிய ஆய்வு அப்படித்தான் இருதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளை வெளிக்கொண்டுவந்தது. அதற்குக் காசும் காலமும் வேண்டும். ஆறு மாதத்தில் ஆய்வு முடிக்க வேண்டிய மாணவருக்கு அது கைக்கெட்டாது. சரி, கிளினிக் தரவுதான் கையில் இருக்கிறது என்றால் அதை எப்படிக் கெடுக்காமல் பார்ப்பது?

முதலில் ஒப்பீடு. "வாய்ப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் வெற்றிலை போடுகிறவர்கள்" என்ற வசனத்தில் இன்னும் பாதி வரவேண்டியிருக்கிறது. புற்றுநோய் வராத, அதே வயது, அதே ஊர் ஆட்களில் எத்தனை பேர் வெற்றிலை போடுகிறார்கள்? வெற்றிலையைப் பொறுத்தவரை விடை தெரிந்ததுதான். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு மெல்லுவது புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் அறிக்கை வெளியிட்டது. ஆனால் அந்த முடிவு நோயாளரை மட்டும் எண்ணி வந்ததல்ல.

இதற்கு நான் திரும்பத் திரும்பக் காட்டும் உதாரணம், இலண்டன் வைத்தியசாலைகளில் டோல், ஹில் என்ற இரண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் செய்து 1950 இல் வெளியிட்ட ஆய்வு. நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் 647 பேர் புகைப்பவர்கள். இதைக் கேட்டதும் வழக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் வேறு வருத்தங்களுக்காக வந்திருந்த 649 ஆண்களில் புகைத்தவர்கள் 622 பேர்! அந்தக் காலத்து இலண்டனில் ஏறக்குறைய எல்லா ஆண்களும் புகைத்தார்கள். உண்மை தெரிந்தது புகைக்காதவர்களின் எண்ணிக்கையில்தான்: ஒரு பக்கம் 2 பேர், மறுபக்கம் 27 பேர். அதோடு, நாளுக்கு எத்தனை சிகரெட் என்று பார்த்தபோது கூடுதலாகப் புகைத்தவர்கள் புற்றுநோய்ப் பக்கத்தில் அதிகமாக இருந்தார்கள். ஒப்பிட ஆட்களைச் சேர்க்காமல் 647 ஐ மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், தேநீரையும் அதே வேகத்தில் குற்றவாளியாக்கியிருக்கலாம்.

ஒப்பிடுவதற்கு யாரை எடுக்கிறோம் என்பதிலும் சறுக்கல் உண்டு. 1981 இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு, கோப்பி குடிப்பதற்கும் கணையப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்டவர்கள் அதே வைத்தியர்களிடம் வந்த மற்ற நோயாளர்கள். அவர்களில் பலருக்கு வயிற்றுக் கோளாறு, அதனால் கோப்பியை ஏற்கெனவே குறைத்திருந்தார்கள். ஆகவே புற்றுநோயாளர்கள் அளவுக்கு மேல் குடிப்பவர்கள் போலத் தெரிந்தார்கள். 1986 இல் அதே குழுவினர் திரும்பவும் பார்த்தபோது அந்த வலுவான தொடர்பு கிடைக்கவில்லை. நமது ஊரில் இதைச் செய்வது மிகச் சுலபம். இரைப்பைப் புற்றுநோய்க்கும் செத்தல் மிளகாய்க் கறிக்கும் தொடர்பு தேடுகிறவர், ஒப்பீட்டுக்கு "காஸ்ட்ரிக்" என்று வந்தவர்களை எடுத்தால் போதும். அவர்கள் உறைப்பை விட்டு எத்தனையோ நாளாகியிருக்கும்.

இனி நான் ஆகப் பெரிய பிழையாக நினைப்பதற்கு வருகிறேன். வைத்தியசாலைப் பதிவேட்டை ஊரின் படமாக நினைப்பது. பெரியாஸ்பத்திரியின் வாட்டில் இருப்பவர் பல வாசல்களைத் தாண்டி வந்தவர். நெடுந்தீவில் இருப்பவர் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வரவேண்டும். நெஞ்சு சாடையாக நோகிறது என்பதற்காக அவர் வரமாட்டார், முற்றினால்தான் வருவார். யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவர் பின்னேரம் தனியாரில் சனல் பண்ணிக் காட்டிவிட்டுப் போய்விடுவார், அவருடைய பெயர் அரச பதிவேட்டில் ஏறாது. முதலில் சித்த வைத்தியரிடமோ முறிவு வைத்தியரிடமோ போனவர் பிந்தி வருவார். புற்றுநோய் என்றால் சிலர் தெல்லிப்பழைக்கு, சிலர் மகரகமவுக்கு. இப்படி வடிகட்டி வந்த ஆட்களை வைத்து "தீவுப்பகுதி மக்களுக்கு வருத்தம் கடுமையாக வருகிறது" என்று எழுதினால், கடலையும் பஸ்ஸையும் அளந்துவிட்டு நோயை அளந்ததாகச் சொல்கிறோம்.

முகவரியும் ஏமாற்றும். வன்னியிலிருந்து வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர், அந்த வீட்டு முகவரியையே கொடுத்துவிடலாம். ஊர்வாரியாகப் புற்றுநோய் வரைபடம் போடுகிறவர்கள், சிவப்புப் புள்ளிகள் வைத்தியசாலையைச் சுற்றிக் குவிந்திருப்பதைக் கண்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதன் இன்னும் சூட்சுமமான வடிவத்தை 1946 இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜோசப் பேர்க்சன் காட்டினார். வாட்டில் படுத்திருப்பவருக்கு அங்கே படுக்க ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும். ஒருவருக்கு நீரிழிவு இல்லையென்றால், அவர் பித்தப்பை நோயாலோ எலும்பு முறிவாலோ வேறெதாலோதான் வந்திருப்பார். அதனால் வைத்தியசாலைக்குள் நீரிழிவு இல்லாதவர்களிடம் மற்ற வருத்தங்கள், ஊரில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். அதை அப்படியே வாசித்தால் நீரிழிவு மற்ற நோய்களிலிருந்து காப்பாற்றுகிறது என்று முடிவு வரும்! சில நேரம் எதிர்ப்பக்கமாக, இல்லாத தொடர்பு இருப்பதுபோலவும் காட்டும். கணக்கில் பிழை இருக்காது, ஆட்கள் வந்து சேர்ந்த விதத்தில்தான் கோணல்.

சிகிச்சையும் ஒரு திரை. 1990களில் அமெரிக்காவில் நியூமோனியா நோயாளர் தரவைக் கணினிக்குக் கற்பித்தபோது, ஆஸ்துமா உள்ளவர்கள் நியூமோனியாவால் இறப்பது குறைவு என்று அது கண்டுபிடித்தது. தரவில் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. ஆஸ்துமாக்காரருக்கு நியூமோனியா என்றதும் வைத்தியர்கள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிக் கவனமாகப் பார்த்ததால் அவர்கள் பிழைத்தார்கள். அந்தக் கணினி மாதிரியை நம்பி ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் சொல்லும் என்று பேசப்படும் இந்த நாட்களில் இந்தக் கதையை மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தண்ணீர் விடயத்தில் நமக்கு உணர்ச்சி கூட. அதில் ஞாயமும் உண்டு. குடாநாட்டுக்குச் சுண்ணக்கல் நிலத்தடி நீர்தான் கதி. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றை உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே கொண்டுபோயிருக்கின்றன. 2014, 2015 காலத்தில் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த பிரச்சினையும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் "இந்த ஊரில் நைத்திரேற்று கூட, இந்த ஊரில் புற்றுநோயும் கூட" என்பதிலிருந்து தனி ஆளுக்குத் தாவ முடியாது. புற்றுநோய் வந்தவர் எந்தக் கிணற்றில் எத்தனை வருடம் குடித்தார்? 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கே இருந்தார்? இப்போது போத்தல் தண்ணியா? இன்னொன்று, பயம் பரவினால் சனம் பரிசோதனைக்குப் போகும். பரிசோதனை கூடினால் கண்டுபிடிப்பும் கூடும். வயதையும் மறக்கக்கூடாது. இளம் ஆட்கள் வெளிநாட்டுக்குப் போய் முதியோர் மட்டும் மிஞ்சிய ஊரில், தண்ணி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் புற்றுநோய் விகிதம் கூடத்தான் காட்டும். வயதைச் சரிசெய்யாமல் இரண்டு ஊர்களை ஒப்பிடுவது வீண்வேலை.

அவசரமாக ஒரு காரணத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய் பக்கத்திலேயே இருக்கிறது. 1990களிலிருந்து அனுராதபுரம் பக்கத்து விவசாயிகளைத் தாக்கிவரும் அந்த நோய்க்குப் புளோரைட்டு, நீரின் வன்தன்மை, பூச்சிநாசினி, பார உலோகம், வெயிலில் உடல்நீர் வற்றுதல் என்று பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. எல்லாமே ஒரே ஆட்களிடம் ஒரே இடத்தில் இருப்பதால் நோயாளரை மட்டும் பார்த்து ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிக்க முடியாது. 2015 இல் கிளைபோசேற்று என்ற களைநாசினிக்குத் தடை வந்தது, 2018 இல் அது ஓரளவு தளர்த்தப்பட்டது. காரணம் பற்றிய விவாதம் ஓயவில்லை.

கேள்விக்கொத்தை நீட்டுவது இன்னொரு ஆசை. நாற்பது காரணிகளைச் சோதித்தால், ஒன்றுக்குமே தொடர்பு இல்லாவிட்டாலும் சராசரியாக இரண்டின் பி பெறுமானம் 0.05 க்குக் கீழே வந்து பல்லைக் காட்டும். மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரில் அஸ்பிரினைச் சோதித்து 1988 இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் மொத்தமாக நல்ல பலன் தெரிந்தது. ஆனால் பிறந்த திகதியை வைத்து ராசிவாரியாகப் பிரித்தபோது மிதுனத்துக்கும் துலாத்துக்கும் மட்டும் பலனைக் காணோம். உட்பிரிவுகளாக வெட்டிக்கொண்டே போவதன் ஆபத்தைக் காட்டத்தான் ஆய்வாளர்கள் அப்படிச் செய்தார்கள். (அது மேலைநாட்டுச் சூரிய ராசி. நமது சந்திர ராசியில் பார்த்தால் வேறு இரண்டு மாட்டும், சாத்திரியார் கவலைப்பட வேண்டாம்.) எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று தரவைத் திறக்க முன்பே எழுதி வைப்பதுதான் மருந்து.

வெற்றிடங்களைப் பற்றி ஒரு சொல். வாட்டுக் குறிப்பில் மதுப் பழக்கம் என்ற இடம் காலியாக இருந்தால் குடிப்பதில்லை என்று அர்த்தமில்லை. கேட்கவில்லை என்றும் இருக்கலாம், மனுசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்கள் என்றும் இருக்கலாம். வயதான அம்மாமாரிடம் சுருட்டுப் பழக்கத்தைக் கேட்கவே பலருக்குத் தோன்றாது. காலியை "இல்லை" என்று தட்டச்சு செய்கிறவர் அந்தக் காரணியின் பலத்தைத் தன் கையாலேயே அழிக்கிறார். கிளினிக்குக்கு வராமல் நின்றவரும் அப்படித்தான். சுகமாகிவிட்டாரா, இறந்துவிட்டாரா, மகளோடு கனடாவுக்குப் போய்விட்டாரா?

அளவுகோலும் இரவல். உடற்பருமன் சுட்டெண் (பி.எம்.ஐ.) 25 ஐத் தாண்டினால்தான் கவலை என்று மென்பொருள் சொல்லும். ஆசிய மக்களுக்கு ஆபத்து அதற்கு முன்பே ஏறத் தொடங்குவதால் 23 இலிருந்தே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. 24 உள்ள ஒருவரைச் சாதாரணம் என்று போட்டால் பருமனுக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பே மெலிந்துவிடும்.

முடிவு வந்த பிறகு அதைச் சொல்லும் விதமும் ஆளைக் கொல்லும். 1995 ஒக்டோபரில் பிரித்தானியாவில், சில புதிய கருத்தடை மாத்திரைகள் இரத்தக்கட்டி ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று எச்சரித்தார்கள். இரட்டிப்பு உண்மைதான்: 7,000 பெண்களில் ஒருவர் என்பது இருவரானது. பயந்து மாத்திரையை விட்டவர்கள் ஏராளம், அடுத்த வருடம் கருக்கலைப்புகள் 13,000 அளவில் கூடியதாக மதிப்பிடப்பட்டது. "இரண்டு மடங்கு" என்று எழுதும்போது எதிலிருந்து எதற்கு என்று பக்கத்திலேயே எழுதினால் போதும்.

கடைசியாக, பெயரை நீக்கிவிட்டால் ஆளை மறைத்தாயிற்று என்ற நம்பிக்கை. கொழும்பில் அது ஓரளவு சரியாகலாம். இங்கே "புங்குடுதீவு, 42 வயது, பெண், ஆசிரியை, மார்பகப் புற்றுநோய்" என்று ஒரு வரி அட்டவணையில் இருந்தால், யார் என்று பஸ் வேலணைக்குப் போக முன்பே பேசி முடித்துவிடுவார்கள். ஆய்வு அறநெறிக் குழுவிடம் அனுமதி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களைப் பக்கத்து ஊரோடு சேர்த்துப் பிரதேச செயலக மட்டத்தில் காட்டுங்கள், வயதைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள், ஆய்வுக்குத் தேவையில்லாவிட்டால் தொழிலை எடுத்துவிடுங்கள்.