மின்விலைப்பட்டியல்களைத் தொகுப்புக் கோப்பாக அனுப்பும் முறை

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்து மொத்த வணிகர் ஒருவர், கடை அடைத்தபின் அன்றைய விலைப்பட்டியல்களை (இன்வாய்ஸ்) ஒரே கோப்பாகத் திரட்டி, மலேசிய உள்நாட்டு வருமான வரி வாரியம் மின்விலைப்பட்டியல்களைப் பெறும் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்ப விரும்பினால், அதற்கான நிரலை வடிவமைப்பவர் முதலில் வரம்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு சமர்ப்பிப்பில் அதிகபட்சம் 100 ஆவணங்கள், மொத்தம் 5 மெகாபைட், ஓர் ஆவணத்துக்கு 300 கிலோபைட் என்பதால், 240 பட்டியல்கள் கொண்ட கோப்பை நிரல் குறைந்தது மூன்றாகப் பிரித்தாக வேண்டும்.

கோப்பின் முதல் வரியில் தொகுப்பு எண்ணும், கடைசி வரியில் ஆவண எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் இருக்கட்டும். கணக்கு ஒத்துவராத கோப்பைச் செயலாக்கக் கூடாது. எழுதி முடியும்வரை தற்காலிகப் பெயரில் வைத்திருந்து, பிறகே உரிய பெயரைச் சூட்டினால், பாதி எழுதிய கோப்பை, அதைப் படித்து அனுப்பும் நிரல் எடுத்துக்கொள்ளாது. ஒரே தொகுப்பு எண் மீண்டும் வந்தால் புதிதாக அனுப்பாமல் பழைய முடிவையே திருப்பித் தருக.

பலர் சறுக்கும் இடம் நேரம். தளம் கேட்பது உலகப் பொது நேரம் (UTC). மலேசியா அதைவிட 8 மணி நேரம் முந்தியது. ஆகவே காலை 7 மணிக்குப் போட்ட பட்டியலின் தேதி முந்தைய நாளாகவே பதிவாக வேண்டும்.

ஒரு தொகுப்பில் சில ஆவணங்கள் ஏற்கப்பட்டு, சில நிராகரிக்கப்படலாம். எனவே நிரல் வணிகருக்குத் திருப்பித் தரும் விடைக்கோப்பில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனி வரியும், நிராகரிப்பின் காரணமும் வேண்டும். திருத்தியவற்றை மட்டும் புதிய தொகுப்பு எண்ணுடன் அனுப்பலாம்.