கென்யாவில் குறுகியகால ஊழியம்: வாலிபரோடு வேதம் வாசிப்பது எப்படி

கென்யாவுக்கு இரண்டு மூன்று வாரம் ஊழியத்துக்குப் போகிறவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. அங்குள்ள பிள்ளைகள் இயேசுவின் பெயரை உங்களிடமிருந்துதான் முதன்முதலாகக் கேட்கப் போவதில்லை. 2019 கணக்கெடுப்பின்படி மக்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். பள்ளியில் கிறிஸ்தவ சமயக் கல்வி ஒரு பாடம். அதில் பரீட்சையும் உண்டு. நீங்கள் மேடையேறி அங்கு பேசும் சுவாஹிலி மொழியில் "ப்வானா அசிஃபிவே" என்றால், அதாவது "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றால், "ஆமினா!" என்று தகரக்கூரை அதிரும்.

அதனால்தான் கூட்ட முடிவில் "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள்" என்று கேட்பதை வேண்டாம் என்கிறோம். ஏப்ரலில் வந்த குழுவுக்குக் கை உயர்த்திய அதே பையன் ஆகஸ்டில் வரும் குழுவுக்கும் உயர்த்துவான். அவன் பொய் சொல்லவில்லை. தூரதேசத்திலிருந்து வந்த விருந்தாளியைச் சும்மா அனுப்பக் கூடாது என்ற மரியாதை அது. அந்த எண்ணிக்கையை ஊரில் வந்து சாட்சியாகச் சொன்னால், சொல்கிறவரும் ஏமாறுகிறார், ஜெபித்து அனுப்பிய சபையும் ஏமாறுகிறது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில. 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி வந்துவிட்டது. ஆனால் சுற்றுலா என்று எழுதி அனுமதி வாங்கிப் போய்ப் பிரசங்கம் செய்யாதீர்கள். அழைக்கும் சபை பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். குறுகிய காலத்துக்கு ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதி, நீண்ட காலத்துக்கு மத ஊழியர்களுக்கான 'ஐ' வகுப்புப் பெர்மிட் என்று அந்தச் சபையாரே விண்ணப்பிக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்று இல்லாமல் கென்யாவிலிருந்து நேரே இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். கிசுமு போன்ற விக்டோரியா ஏரிக்கரை ஊர்களில் மலேரியா அதிகம். மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். பரிசுப் பொருட்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். 2017 முதல் அங்கே அந்தப் பைகளுக்குத் தடை, துணிப்பை போதும்.

இனி முக்கியமான வேலை. பெரிய கூட்டத்தைவிட ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட வட்டமே பலன் தரும். நாற்பது நிமிடம் போதும். லூக்கா 15-இல் வரும் கெட்டகுமாரன் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள்; சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனைத் தகப்பன் ஏற்றுக்கொள்ள, வீட்டிலேயே உழைத்த மூத்தவன் கோபித்து உள்ளே வர மறுக்கும் கதை அது. முதலில் ஒருவர் சுவாஹிலியில் வாசிக்கட்டும்; பிறகு இன்னொருவர் ஆங்கிலத்தில். எல்லாரும் வேதாகமத்தை மூடிய பின் ஒரு வாலிபர் கதையைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். விட்டதை மற்றவர்கள் சேர்க்கட்டும். பிறகு மூன்றே கேள்வி: இதில் தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? இதில் நீ யாரைப் போல இருக்கிறாய்? இந்த வாரம் என்ன செய்யப் போகிறாய்?

இரண்டாவது கேள்வியில்தான் அமைதி வரும். அதை நிரப்பிவிடாதீர்கள். மனதுக்குள் இருபது எண்ணுங்கள். பதில் மனப்பாடமாக வந்தால், "பாவி", "இரட்சிப்பு" என்று பரீட்சைத் தாள் நடையில் வந்தால், திருத்த வேண்டாம். "வயலிலிருந்து வந்த மூத்தவன் வாசலில் நின்றபோது உள்ளே என்ன சத்தம் கேட்டது?" என்று கதைக்குள் திருப்புங்கள். குடும்பத்துக்காக உழைத்துவிட்டுத் தனக்குக் கிடைக்காததை எண்ணி மனம் கசந்த மூத்த பிள்ளைகள் அங்கே நிறைய. அவர்களுக்கு இளையவனைவிட மூத்தவன்தான் நெருக்கமானவன். தகப்பன் அவனையும் வருந்தி அழைக்க வெளியே வந்தார் என்ற இடத்தில் வட்டத்தில் யாராவது தலை குனிவதைப் பார்ப்பீர்கள். அந்த இடத்தில் நீங்கள் பேசாமல் இருப்பதே ஊழியம்.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் இருபது நிமிடத்தில் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம்தான். வாக்கியத்துக்கு ஒரு கருத்து வைத்துச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பழமொழி, சிலேடை எதுவும் கரை சேராது. முந்தின நாளே அவரோடு அரைமணி உட்கார்ந்து பகுதியை வாசித்துவிடுங்கள்.

கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும் நேரத்தில் ஒரு பையன் தனியே வந்து நிற்பான். பெரும்பாலும் அவன் கேட்பது பள்ளிக் கட்டணம். "பார்க்கிறேன்" என்றுகூடச் சொல்லாதீர்கள். அது அங்கே வாக்குறுதி. ஒருவனுக்குக் கையில் காசு கொடுத்தால் மறுநாள் கூடுகிறவர்கள் வேதத்துக்காகக் கூடுகிறார்களா என்று யாருக்கும் தெரியாமல் போகும். அவன் சொல்வதை முழுதாகக் கேளுங்கள், அவனோடு ஜெபியுங்கள், அவன் சம்மதத்துடன் உள்ளூர்ப் போதகரிடம் அழைத்துப் போங்கள். உதவி செய்தே ஆக வேண்டுமென்றால் சபை வழியாக, நேரே பள்ளிக்கு.

பேசுவது திறந்த இடத்தில், இன்னொரு பெரியவர் பார்வையில். பெற்றோர் சம்மதமில்லாமல் படம் எடுக்க வேண்டாம். கரையோர மாவட்டங்களில் முஸ்லிம் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் வீட்டுக்குத் தெரியாமல் எதுவும் கற்பிக்காதீர்கள். 2023-இல் கிலிஃபி மாவட்டத்து ஷகஹோலா காட்டில், பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்ற போதனையால் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வெளியிலிருந்து வரும் பிரசங்கியை மக்கள் கூர்ந்து பார்க்கிறார்கள், அது நியாயமே. சிறுவர்களிடம் உபவாசம் பற்றிப் பேசவே வேண்டாம். போதகரோ ஆசிரியரோ உட்காராத கூட்டம் எதையும் நடத்தாதீர்கள்.

கடைசி மூன்று நாள் வட்டத்தை நீங்கள் நடத்தக் கூடாது. உள்ளூர் வாலிபர் தலைவர் நடத்தட்டும், நீங்கள் ஓரமாக உட்காருங்கள். ஒரு நோட்டில் யார் யார் வந்தார்கள், எந்த அதிகாரம் வரை வாசித்தார்கள், யாருக்காக ஜெபிக்கச் சொன்னார்கள் என்று எழுதி அவர் கையில் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஊர் திரும்பிய பின் தனித்தனி வாட்ஸ்அப் செய்தி வேண்டாம். அந்தத் தலைவரும் இருக்கும் குழுவில் மாதம் ஒருமுறை, அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும் அதே பகுதியை நீங்களும் வாசித்துவிட்டு ஒரு கேள்வி எழுதுங்கள்.