மலைப்பாதையில் ஓட்டியவருக்கும் பைக் வகுப்பு வேண்டும்: அமெரிக்காவுக்குப் புறப்படும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். கோத்தகிரியில் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி மேற்படிப்புக்காக ஆகஸ்டில் இல்லினாய் மாநிலத்துக்குப் புறப்படுகிறான். அவனோடு குன்னூரிலிருந்து ஒரு தம்பியும் அரவேணுவிலிருந்து ஒரு தங்கையும் போகிறார்கள். நேற்று மூவரும் வந்தார்கள். அறை வாடகை, பாங்க் கணக்கு, குளிர் உடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் கேட்டது, "அண்ணா, போனதும் ஒரு பைக் வாங்கிக்கொள்ளலாமா?" என்றுதான். "மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறி இறங்கியவர்கள் நாங்கள். அங்கே எல்லாம் நேர் ரோடுதானே" என்றான் குன்னூர்த் தம்பி.

அவன் சொன்னதில் பாதி உண்மை. குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், மழையிலும் மூடுபனியிலும், பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து ஏறியவருக்குக் கிளட்ச் பிடிப்பும் பொறுமையும் தானாகவே வந்துவிடும். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திறமையோடு கூடவே சில பழக்கங்களும் கைகால்களில் ஊறிப்போய் நம்முடன் விமானம் ஏறுகின்றன. அவை எவை என்பது எனக்கு அங்கே பயிற்சி வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எனவே நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் வகுப்பு, பிறகு லைசென்ஸ், பிறகு ஹெல்மெட், கடைசியில் வண்டி.

மூவரிடமும் ஒரு கேள்வி கேட்டேன்: உங்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார்? ஒருவனுக்கு மாமா, ஒருவனுக்கு அண்ணன், தங்கைக்கு அப்பா. இந்தப் பதிலில் தவறில்லை, எனக்கும் சித்தப்பாதான் ஆசான். ஆனால் 1981-இல் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட அறிக்கையைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தக் குழு லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் சுமார் 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் முறையான பயிற்சி இல்லாதவர்கள். தாங்களாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பர்களிடமோ கற்றவர்கள். பைக்கும் இன்னொரு வாகனமும் மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு வழிவிட வேண்டிய மற்ற வாகனம் வழிவிடாமல் குறுக்கே வந்திருந்தது. அமெரிக்காவில் பைக் பயிற்சி பற்றி யார் பேசினாலும் இந்த அறிக்கையைத் தொடாமல் போவதில்லை.

அங்கே பயிற்சி தனியார் டிரைவிங் ஸ்கூல்களின் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமாக இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் அரசே ஒரு பயிற்சித் திட்டம் நடத்துகிறது. அதற்கான பணம் பல இடங்களில் பைக் ஓட்டுபவர்களே செலுத்தும் பதிவுக் கட்டணத்திலிருந்தும் லைசென்ஸ் கட்டணத்திலிருந்தும் தனியாக எடுத்துவைக்கப்படுகிறது. இல்லினாயில் அப்படித்தான். அதனால் அந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்கு வகுப்புக்கென்று பெரிதாகச் செலவில்லை, பதிவு செய்யும்போது ஒரு சிறு தொகை கட்டினால் போதும். வண்டியும் அவர்களே தருகிறார்கள். கையில் பணம் எண்ணிச் செலவழிக்கும் மாணவருக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது? எல்லா மாநிலமும் இப்படி இல்லை. சில இடங்களில் சில நூறு டாலர் ஆகும். ஆனாலும் போங்கள்.

பாடத்திட்டம் பெரும்பாலும் 1973-இல் தொடங்கப்பட்ட மோட்டார் சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பினுடையது. கலிபோர்னியா வேறு பாடத்திட்டம் வைத்திருக்கிறது. அங்கே நெடுஞ்சாலைக் காவல்துறை 1987 முதல் பயிற்சித் திட்டத்தைக் கவனித்து வருகிறது. பெயர் எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான்: சுமார் ஐந்து மணி நேரம் பாடம், அதை வீட்டிலிருந்தே கணினியில் படிக்கலாம். பிறகு இரண்டு நாட்களில் ஏறக்குறைய பத்து மணி நேரம் மைதானத்தில் ஓட்டப் பயிற்சி. முடிவில் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு.

முதல் நாள் காலையில் நான் கொஞ்சம் கர்வத்தோடுதான் போய் நின்றேன். கல்லூரியின் பெரிய வாகன நிறுத்துமிடம், தரையில் வண்ணக் கோடுகள், வரிசையாகச் சின்ன வண்டிகள். கூட வந்தவர்களில் பாதிப் பேர் அதுவரை பைக்கில் உட்கார்ந்ததே இல்லை. கிளட்ச் விடும் பயிற்சியில் நான்தான் முதல். மதியத்துக்கு மேல் திடீர் பிரேக் பயிற்சி வந்தது. குறிப்பிட்ட வேகத்தில் வந்து, கோட்டைத் தாண்டியதும் மிகக் குறைந்த தூரத்தில் நிறுத்த வேண்டும். என் வலது கால் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வாலை ஆட்டியது. அதுவரை பைக்கே ஓட்டாத அம்மையார் ஒருவர் என்னைவிட எத்தனையோ அடி முன்னதாக நிறுத்தினார்.

காரணம் எளியது. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்று சொல்லித்தான் மலையில் நம்மை வளர்க்கிறார்கள். ஈரத் தார் ரோட்டில், யூகலிப்டஸ் சருகின் மேல், வளைவில் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழுவோம் என்பது உண்மை. அந்த ஓர் உண்மையை எல்லா நேரத்துக்கும் விதியாக்கிக்கொண்டோம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது. நிறுத்தும் சக்தியில் சுமார் 70 விழுக்காடு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. வண்டியை நிமிர்த்தி, முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்தி, பின் பிரேக்கையும் கூடவே மிதிக்க வேண்டும். இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. பத்துப் பதினைந்து முறை செய்தால்தான் கைக்கு வரும், காலும் அடங்கும்.

வளைவுப் பாடமும் அப்படியே. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவு முடியும் இடத்தைப் பார், திரும்ப வேண்டிய பக்கத்து ஹேண்டில்பாரை முன்னோக்கி அழுத்து, ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்துப் போ. இடப்பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும் என்றதும் நான் நம்பவில்லை. வண்டி சைக்கிள் வேகத்தைத் தாண்டிவிட்டால் அப்படித்தான் சாய்கிறது. இத்தனை வருடம் என் கைகள் செய்துவந்ததை என் மூளை அன்றுதான் அறிந்தது. அறிந்த பிறகு, எதிரே தடை வந்தால் ஒதுங்குவது எனக்கு முன்னைவிட எளிதானது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டவர்களுக்கு ஒரு நற்செய்தி: குறுகிய கட்டத்துக்குள் வண்டியைத் திருப்பும் தேர்வு அங்கேயும் உண்டு, அதில் நாம் தேறிவிடுவோம். ஆனால் கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். ஓட்டும் தேர்வில் வண்டியைக் கீழே போட்டால் அங்கேயே தோல்விதான்.

நம் ஊர்ப் பழக்கங்களில் விட்டுவிட்டுப் போக வேண்டியவை இன்னும் சில. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது முதலாவது. என்ஜின் பிடிமானம் இல்லாத வண்டி ஓட்டுநரின் கையில் இல்லை. இதைக் கோத்தகிரியிலேயே விட்டுவிடுங்கள். ஹாரனும் அப்படித்தான். இங்கே ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பது எதிரே வருபவருக்குச் செய்யும் மரியாதை. அங்கே அதை வசவாக எடுத்துக்கொள்வார்கள், ஆபத்து நேரும்போது மட்டும் அடியுங்கள். கார்களுக்கு இடையே புகுந்து முன்னால் போவது கலிபோர்னியாவில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. வேறு சில மாநிலங்கள் நின்றிருக்கும் வாகனங்களுக்கு இடையே மட்டும் நிபந்தனைகளோடு விடுகின்றன. மற்ற பெரும்பாலான இடங்களில் குற்றம். முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி விடுங்கள்.

சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது ஒரு வாரத்தில் பழகிவிடும் என்பார்கள். நேராகப் போகும்போது பழகிவிடுகிறது. ஆளில்லாத விடியற்காலையில், பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே திரும்பும் அந்தக் கணத்தில்தான் பழைய பக்கம் நம்மை இழுக்கும். மூன்றாவது மாதத்தில் எனக்கு அது நேர்ந்தது, எதிரே யாரும் வராததால் பிழைத்தேன். இன்னொன்றை இதைவிட அழுத்திச் சொல்கிறேன். எதிரே வரும் கார் தன் இடப்பக்கம் திரும்ப நாற்சந்தியில் காத்திருக்கும். ஓட்டுநர் உங்களைப் பார்ப்பதுபோலவே இருக்கும், ஆனால் பார்த்திருக்க மாட்டார். ஹர்ட் அறிக்கை சொன்ன விபத்து பெரும்பாலும் இதுதான். அந்தக் காரின் முன் சக்கரத்தைக் கவனியுங்கள், பிரேக்கின் மேல் விரல் வைத்துக்கொண்டு போங்கள்.

காட்டெருமை குறுக்கே வந்து பழகிய நமக்கு மான் புதிதில்லை. இலையுதிர் காலத்தில், குறிப்பாக அக்டோபரிலும் நவம்பரிலும், அந்தி வேளையிலும் விடியலிலும் மான்கள் அங்கே சாலையில் பாய்கின்றன. ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வருகிறது என்றே எண்ணுங்கள். பனிக்காலம் முடிந்ததும் வளைவுகளில் மணல் தங்கியிருக்கும், அதுவும் நம் ஊர்ச் சருகு போலத்தான் வழுக்கும்.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக. கார் லைசென்ஸ் பைக்குக்குச் செல்லாது, பைக்குக்கு எம் என்ற தனி வகுப்பு வேண்டும். டெக்சாஸிலும் புளோரிடாவிலும் புதிதாக அந்த உரிமம் பெற யாராக இருந்தாலும் பயிற்சி கட்டாயம். கலிபோர்னியாவில் 21 வயதுக்குக் கீழே இருந்தால் கட்டாயம். அங்கே பழகுநர் உரிமத்தில் இரவில் ஓட்டக் கூடாது, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, விரைவுச்சாலையில் போகக் கூடாது. பல மாநிலங்களில் வகுப்பில் தேறிய சான்றிதழைக் காட்டினால் அரசு அலுவலகத்தில் ஓட்டும் தேர்வு கிடையாது. காப்பீட்டிலும் பல நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன. பிரிட்டனுக்குப் போகும் தம்பிகள் 1990 முதல் அங்கே கட்டாயமாக இருக்கும் அடிப்படைப் பயிற்சியை முடித்த பிறகே 125 சி.சி. வண்டியைப் பழகுநராகச் சாலையில் எடுக்கலாம், அந்தச் சான்று இரண்டு ஆண்டு செல்லும்.

ஹெல்மெட் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய மூன்று மாநிலங்களில் பெரியவர்களுக்கு ஹெல்மெட் சட்டமே இல்லை. வேறு பல மாநிலங்களில் குறிப்பிட்ட வயதுக்கு மேல் விருப்பம்தான். இல்லினாயில் கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தலைக்கு இல்லை. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நீங்கள் வெறும் தலையோடு போகாதீர்கள். விபத்தில் ஓட்டுநர் இறப்பதை ஹெல்மெட் 37 விழுக்காடு தடுக்கிறது என்பது அந்நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் உள்ள நம் ஊர் ஹெல்மெட்டைக் கொண்டுபோக வேண்டாம். ஹெல்மெட் கட்டாயமான மாநிலங்களில் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) முத்திரை உள்ளதைத்தான் ஏற்பார்கள்.

வண்டி வாங்கும்போது ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 முதல் அது கட்டாயம் என்பதால் நமக்குக் கேட்கத் தோன்றாது. அங்கே கட்டாயமில்லை. முதல் வருடம் 300, 400 சி.சி. போதும்.

ஒரு வகுப்பு போனால் விபத்தே வராது என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சிகளும் அப்படி உறுதி சொல்லவில்லை. ஆனால் தவறாகப் பழகிய காலைத் திருத்திக்கொள்ள, கார் எதுவும் வராத இடத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவது சின்னக் காரியம் இல்லை. அது நீலகிரியில் இல்லையே என்ற ஏக்கம் ஒவ்வொரு முறை வரும்போதும் எனக்கு உண்டு. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. அதை மனதார வணங்குகிறேன். அதே அக்கறையோடு, பதிவுக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஊருக்கு ஒரு மைதானமும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் தந்தால் மலையில் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்புவார்கள்.

அதுவரை நான் காத்திருக்கப் போவதில்லை. வரும் ஞாயிறு காலை மூவரையும் மைதானத்துக்கு வரச்சொல்லியிருக்கிறேன். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு முன் பிரேக் பழக்கப் போகிறேன். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: முழுக்கைச் சட்டை, கெட்டியான ஜீன்ஸ், விரல் முழுதும் மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், இவை இல்லாமல் அங்கே வகுப்பில் வண்டியைத் தொட விடமாட்டார்கள். இவற்றை இங்கிருந்தே எடுத்துப்போகலாம். வட மாநிலங்களில் பனிக்காலத்தில் வகுப்பு இருக்காது, வசந்தத்துக்கான இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகஸ்டில் போய் இறங்குபவர்கள் அந்த ஆண்டே கிடைக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த வசந்தத்துக்கான பதிவு திறக்கும் நாளை இப்போதே குறித்துவையுங்கள். அதுவரை பஸ்ஸில் போங்கள்.